ஒரு மடக்குப் பால்

கதவு சாத்தியிருந்தாலும் பர்ஹானாவின் குரல் வெளியே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இங்கிலீஷில் பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்று மைமூனுக்கு எங்கே தெரியப்போகிறது, அவள் படித்த இங்கிலீஷ் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டது, ஆனால் குரல் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்கிற குரல். பயந்தால் கொஞ்சம் மேலே ஏறும், கோபம் வந்தால் தணிந்து தணிந்து ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிடும். இப்போது இரண்டும் இல்லை. பாசி பிடித்த குளத்துப் படியில் இறங்குகிறவள் காலை வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்து இறங்குவாளே, அப்படி ஒவ்வொரு வார்த்தையாக வைத்து இறங்குகிறாள். வழுக்கிவிடக் கூடாது அல்லாவே. நீளமான வராந்தாவில் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் மைமூன், மடியில் பர்ஹானாவின் பிள்ளை ஹிபா, பிறந்து மூன்று மாதம், காலடியில் விரித்த துண்டில் தன் மகன் சுஹைல், இன்னும் நடை வராதவன், பக்கத்தில் அடுக்கடுக்காகப் பலகார டப்பாக்கள். லட்டு, சமோசா, மாம்பழ ஜூஸ். டாக்டர் பட்டத்துக்கு நிற்கிறவர்கள் வந்து உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் இப்படிக் கொடுக்கவேண்டுமாம், கேள்வி கேட்க வெளியூரிலிருந்து வந்திருக்கிற பேராசிரியருக்கு மத்தியானச் சாப்பாடும் போடவேண்டுமாம். கல்யாண வீடு மாதிரி இருக்கே என்று மைமூன் சொன்னதற்கு, "மாப்பிள்ளை எந்திரிச்சு ஓடிருவானோன்னு பயந்துக்கிட்டே நடத்துற கல்யாணம் மதினி இது" என்றாள் பர்ஹானா. அவளும் இவளை மதினி என்பாள், இவளும் அவளை மதினி என்பாள். அண்ணன் பெண்டாட்டி என்று அவள், மாமி மகள் வயதில் மூத்தவள் என்று இவள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், இவர்களுக்குப் பழகிவிட்டது.

பிள்ளை முனகியது. இரு, இரு, இப்பத்தான் உங்கம்மா தொடங்கியிருக்கா. பையிலிருந்து பால் பாட்டிலை எடுத்தாள். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்து பர்ஹானா தானே பிழிந்து நிரப்பிய பால், பாதி சேலையில் போய் மிச்சம் வந்த பால். ரப்பரை வாயில் வைத்தால் பிள்ளை நாக்கால் தள்ளியது. கன்னத்தைத் தட்டி மறுபடி வைத்தாள். தள்ளியது. இதற்கு ஒரு வாரமாகப் பழக்கப் பார்த்தார்கள், தேன் தடவிப் பார்த்தார்கள், வெந்நீரில் போட்டு மெதுவாக்கிப் பார்த்தார்கள், ரப்பர் என்று தெரிந்தால் போதும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடும். மகராணி. இன்றைக்குப் பசித்தால் குடித்துவிடுவாள் என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், இரண்டு பேரும் நம்பவில்லை. உள்ளே போகுமுன் பர்ஹானா பிள்ளையின் உள்ளங்காலில் மூக்கை வைத்து எடுத்தாள், உதட்டை வைக்கவில்லை, வைத்தால் அழுதுவிடுவாள் என்று மைமூனுக்குத் தெரிந்தது. அவளுடைய கைடு வசுந்தரா மேடம் நேற்றே போனில் சொல்லியிருந்தார்கள், ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டதால் மைமூன் காதிலும் விழுந்தது. "குழந்தை வெளியில இருக்கட்டும் பர்ஹானா. என்ன ஆனாலும் நடுவுல எழுந்து போகாதே. கைக்குழந்தையோட உன்னைப் பார்த்துட்டாங்கன்னா நீ சொன்ன பதிலெல்லாம் மறந்துபோயிடும், குழந்தை மட்டும்தான் ஞாபகம் இருக்கும்." அப்புறம், "எனக்கு நடந்தது" என்றார்கள். மைமூனுக்கு அதுவரை அந்த மேடம் மேல் கோபம். சிவப்பு மையால் பக்கம் பக்கமாக அடித்து அனுப்புகிற மேடம், கல்யாணமானவர்களைச் சேர்த்ததே தப்பு என்று பர்ஹானா முகத்துக்கு நேரே சொன்ன மேடம். அந்த "எனக்கு நடந்தது" கேட்டபிறகு கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறாள்.

பாசிதான் பர்ஹானாவின் படிப்பு. குளங்களில் மிதக்கிற பச்சைப் பாசி, அதில் எத்தனை சாதி, எந்த மாதத்தில் எது வளரும், எது வளர்ந்தால் தண்ணீர் கெடும். மாமி, அதாவது பர்ஹானாவின் அம்மா, மைமூனுக்கு மாமியார், மைமூனைப் பெற்ற அத்தாவுடன் பிறந்தவள், வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவாள். "பாசியப் படிக்கவா இத்தனை வருசம்? நம்ம வீட்டுத் தொட்டியில வந்து பாக்கச் சொல்லு உங்க மேடத்த, வழிச்சு வழிச்சு எனக்குக் கை ஓய்ஞ்சுபோச்சு." பர்ஹானா சிரிப்பாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் வேறு ஒரு சத்தம் இருக்கும், மைமூன் மட்டும் கேட்பாள். எங்கோ வெளிநாட்டுப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியது திரும்பி வந்த அன்று, உதவித்தொகைக் காகிதத்தில் யாரோ கையெழுத்துப் போடாமல் ஊருக்குப் போன அன்று, மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளை "படி, நல்லாப் படி, ஆனா சீக்கிரம் முடி" என்று சொல்லி வைத்த அன்று. வயிற்றில் ஹிபாவோடு, குளத்துப் படியில் குனிய முடியாமல் வெறும் பாட்டில்களோடு திரும்பி வந்த அன்று குழாயைத் திறக்கவில்லை. அடுப்படியில் வந்து நின்று, "விட்டுடுறேன் மதினி, என்னால ஆகாது" என்றாள். மைமூனுக்குப் பதில் சொல்ல வராது. எதற்குமே அவளுக்குச் சட்டென்று வாய் வராது, மனசுக்குள் வந்து வரிசையாக நிற்கும், வாசல் தாண்டாது. மறுநாள் விடிந்ததும் கழுவிய பாட்டில்களையெல்லாம் வெயிலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். பர்ஹானா வந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாறியா, பெரிய குளம் வரைக்கும்?" என்றாள். மைமூன் இடுப்பில் சுஹைலை வைத்துக்கொண்டு கூடப் போனாள், குனிய முடியாதவளுக்காக இவள் படியில் இறங்கி பாட்டிலை முக்கினாள். அது என்ன, பெரிய வேலையா, குடத்தில் மொள்ளுகிற மாதிரிதான். ஆனால் மூடியைத் திருகி அவள் கையில் கொடுக்கும்போது...

சுஹைல் எங்கே? துண்டில் இல்லை. அந்தா, டப்பா அடுக்குக்குப் பின்னால். ஏலே, வா இங்க. லட்டு வாசம் இவனுக்கு எங்கிருந்துதான் தெரியுமோ. யார் மடியில் போட்டாலும் முகத்தால் முட்டிப் பால் தேடுகிறவன், மாமி சொல்வாள், "என் பேரன் வெக்கங்கெட்டவன், எவ குடுத்தாலும் குடிப்பான்." பேரன், பேரன். ஹிபா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொண்டுவந்ததும் மாமி அல்லாவின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி, தன் கையிலிருந்த குட்டிப் பொன் வளையலை அந்தச் சுண்டைக்காய்க் கையில் மாட்டி, நர்சைக் கூப்பிட்டுக் காட்டினாள். "என் பேரனுக்குப் பொண்ணு பிறந்திருக்கா. பாத்துக்க." நர்ஸ் சிரித்தாள், வார்டே சிரித்தது, கட்டிலில் கிடந்த பர்ஹானா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். மைமூன் அதைப் பார்த்தாள். அந்த முதுகைப் பார்த்தாள். மைமூனுக்கும் இப்படி ஒரு வளையல் போட்டார்கள், அவளுக்கு ஞாபகம் இல்லை, சொல்லக் கேள்வி. அத்தாவின் அக்கா மகன் உதுமானுக்கு என்று. எட்டாம் வகுப்பில் பெரியவளானதும் பை மூலையில் தொங்கிவிட்டது. மாப்பிள்ளை ரெடியாக இருக்கும்போது படித்து என்ன செய்யப்போகிறாள். கணக்கு டீச்சர் வீட்டுக்கு வந்து அத்தாவிடம் பேசினார்கள், டீச்சருக்கு ரோஸ்மில்க் கொடுத்தார்கள், டீச்சர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். உதுமான் மச்சான் கெட்டவர் இல்லை, தங்கமானவர், மிக்ஸி ரிப்பேர் கடையிலிருந்து வரும்போது மறக்காமல் மல்லிகைப்பூ வாங்கி வருகிறவர். கேட்டிருந்தாலும் அவரையே கட்டிக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பாளோ என்னவோ. கேட்கவில்லை. அவ்வளவுதான். கேட்காதது முள் மாதிரி ஒன்றும் குத்தவில்லை, செருப்புக்குள் மணல் மாதிரி இருக்கிறது, நடக்கலாம், நடந்துகொண்டுதான் இருக்கிறாள். பர்ஹானா மட்டும் எப்படிப் படித்தாள்? அதையும் யோசித்துப் பார்த்திருக்கிறாள், சப்பாத்தி தேய்க்கும்போது, துணி காயப்போடும்போது. மாமி மனசு மாறிப் படிக்க வைக்கவில்லை. பேசி வைப்பதற்கு பர்ஹானாவுக்கு மாமன் மகன் இல்லை. மைமூனின் அத்தாவுக்குப் பிறந்ததெல்லாம் பெண். வெளியில் மாப்பிள்ளை தேடித் தேடி வருசம் போனது, அந்த வருசமெல்லாம் அவள் படித்தாள், பிளஸ் டூ, காலேஜ், பெரிய காலேஜ், இப்போது இது. இல்லாமல் போன ஒரு பையன்தான் அவளைப் படிக்க வைத்தான். ஹிபாவுக்கு அந்தப் பையன் இருக்கிறான். அந்தா, லட்டு டப்பாவின் ரப்பர் பேண்டை இழுத்துக்கொண்டு.

டப்பாவைப் பிடுங்கத் திரும்பிய நேரம்தான். பெஞ்சின் ஓரத்தில் வைத்த பாட்டிலைச் சுஹைல் எட்டிப் பிடித்தான், அவனுக்கு அது விளையாட்டுச் சாமான், தூக்கித் தரையில் ஒரு போடு போட்டான். மூடி ஒரு பக்கம், ரப்பர் ஒரு பக்கம். சிமெண்டுத் தரையில் பால் ஓடியது, ஓடி, வராந்தாவின் விரிசலில் இறங்கியது. மைமூன் கையை நீட்டியபடி இருந்தாள், எதை அள்ளுவது. சுஹைல் அந்த ஈரத்தில் உள்ளங்கையை வைத்துத் தட்டிச் சிரித்தான். அடிக்கக் கை ஓங்கினாள், அடிக்கவில்லை, அவனுக்கு என்ன தெரியும், துண்டை எடுத்துத் துடைத்தாள். விடிகாலையிலிருந்து ஒரு மனுசி உடம்பைப் பிழிந்து எடுத்தது, ஒரு துண்டுக்குள் போய்விட்டது. குடித்திருக்க மாட்டாள், இருந்திருந்தாலும் குடித்திருக்க மாட்டாள், என்று மனசு சொல்லிற்று. இருந்திருந்தால் இருக்கிறது என்றாவது இருக்கும். அந்த நேரம் பார்த்து ஹிபா முனகலை விட்டுவிட்டு அழத் தொடங்கியது. முதலில் பூனைக்குட்டி மாதிரி. எழுந்து தோளில் போட்டு நடந்தாள். தட்டினாள், ஊதினாள், வராந்தா முனைவரை போய் வந்தாள். அழுகை வளர்ந்தது. போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல். "மைமூன், பிரியாணி ஏத்திக்கிட்டிருக்கேன், என்ன?" என்றார். பிள்ளை அழுவது அவர் காதிலும் விழுந்தது. "சமாளி பிள்ளே, பாட்டில் இருக்குல்ல? அரை மணி நேரத்துல வந்துருவேன்." பாட்டில் போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தாள், இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது, அது வரிசையில் முன்னாலேயே நின்றது, ஆனால் "சரி மச்சான்" என்றுதான் வந்தது. கதவு கொஞ்சம் திறந்தது. வசுந்தரா மேடம் தலையை நீட்டினார்கள். திட்டப்போகிறார்கள் என்று மைமூன் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். திட்டவில்லை. மேடத்தின் கண் பிள்ளையைப் பார்த்தது, ஈரத் தரையைப் பார்த்தது, மைமூனைப் பார்த்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இம்மியளவு இடம் விட்டுக் காட்டினார்கள். இன்னும் கொஞ்சம். கெஞ்சுகிற மாதிரி. கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

கேட்க இருந்த அந்த இன்னொன்று. அது எப்போதிலிருந்து மனசில் நிற்கிறது? பால் கொட்டியபிறகா, அதற்கு முன்பா, ஆஸ்பத்திரியில் அந்த முதுகைப் பார்த்ததிலிருந்தா? தன் நெஞ்சில் பால் இருக்கிறது. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதிலிருந்து கட்டிக்கொண்டு வலிக்கிறது, யார் பிள்ளை என்று அது கேட்கவில்லை, அதற்கென்ன தெரியும். ஆனால் மைமூனுக்குத் தெரியும். வியாழக்கிழமை பெண்கள் மதரசாவில் மார்க்கம் சொல்லித்தருகிற ஆலிமா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள். "நம்ம மத்ஹபுச் சட்டத்துல இத்தனை தடவைன்னு கணக்கெல்லாம் கிடையாதும்மா. பால்குடி வயசுல ஒரு மடக்கு உள்ள போயிருச்சுன்னா போதும். குடுத்தவ தாய். அவ பிள்ளைங்க கூடப்பிறந்ததுங்க. அதுங்களுக்குள்ள நிக்காஹ் ஹராம், மறந்துராதீங்க, அவசரத்துல அடுத்தவங்க பிள்ளைக்குக் குடுத்துட்டு அப்புறம் சம்பந்தம் பேசிக்கிட்டு நிக்காதீங்க." ஒரு மடக்கு. அப்புறம் ஹிபாவும் சுஹைலும் அண்ணன் தங்கை. மாமியின் வளையல் வெறும் வளையல். மாமி என்ன சொல்வாள்? முதலில் நம்பமாட்டாள், அப்புறம் நெஞ்சில் அடித்துக்கொள்வாள், அப்புறம் பேசமாட்டாள், பேசாமல் இருப்பதில் மாமிக்கு நிகர் கிடையாது, ஒரு நோன்பு மாதம் முழுக்கத் தங்கச்சியோடு பேசாமல் இருந்தவள். மச்சான் கேட்பார், ஏன் பிள்ளே என்னைக் கேக்கலை. அதுவும் உண்டு, புருசனைக் கேட்காமல் அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பது சரியில்லை என்று ஆலிமா சொன்னார்கள், ஆனால் பிள்ளை தவிக்கிறபோது பரவாயில்லை என்றும் சொன்னார்கள், தவிப்பா இது, பசிதானே, பசி தவிப்பு இல்லையா? இந்தப் பிள்ளை தனக்கு மருமகளாக வரவேண்டும் என்று மைமூனுக்கும் ஆசை இல்லையா? இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. வெளியிலிருந்து எவளோ வருவதற்கு மதினி மகள் வந்தால், இதே மூக்கு, இதே பிடிவாதம். அந்த ஆசையை எடுத்துக் கீழே வைப்பதற்கு அவளுக்கு நோகிறது. பர்ஹானா என்ன சொல்வாள்? அவளைக் கேட்க முடியாது, கதவு சாத்தியிருக்கிறது. முதுகைத் திருப்பியதை வைத்து ஒருத்தி மனசை எடுத்துவிட முடியுமா. பிரசவ வலியில் திரும்பியிருக்கலாம். சும்மா திரும்பியிருக்கலாம். தன்னைக் கேட்காமல் செய்தார்கள் என்று இத்தனை வருசமாக மணலை மிதித்து நடக்கிறவள் இன்னொருத்தியைக் கேட்காமல் செய்யலாமா. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது. செய்தாலும் கேட்காமல் செய்வது. செய்யாவிட்டாலும் கேட்காமல் பேசி வைத்தது அப்படியே கிடக்கும்.

உள்ளே ஆண் குரல் ஏதோ கேட்டது. கனமான குரல், வெளியூர்ப் பேராசிரியர். மைமூன் கதவருகே போய் நின்றாள். மறுபடி அந்தக் குரல், இந்தத் தடவை மெதுவாக, அதில் ஒரு வார்த்தை பிடிபட்டது, சாம்பிள். அல்லா, அதையா கேட்கிறார். முந்தின வருசத்துக்கு முந்தின வருசம், பக்ரீதுக்கு முந்தின நாள், மாமி குர்பானிக் கறி வைக்க இடம் வேண்டும் என்று ஃப்ரிட்ஜைக் காலி செய்தாள். ஒரு தட்டு முழுக்கப் பச்சைத் தண்ணீர் பாட்டில்கள். எல்லாவற்றையும் மாமி மல்லிகைச் செடிக்கு ஊற்றினாள், பாட்டில்களைச் சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவியும் வைத்தாள், "நாத்தம் புடிச்ச தண்ணி, செடிக்காவது ஆகும்." பர்ஹானா வந்து வெறும் பாட்டில்களைப் பார்த்தாள். ஒரு பருவத்துக் குளங்கள் மொத்தமும் செடியடியில். அன்றைக்குத் தணிந்து தணிந்து ஒன்றுமே இல்லாமல் போனது குரல், இரண்டு நாள். மறு வருசம் அதே மாதத்தில் அதே குளங்களுக்கு வயிற்றைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனாள். செடி மட்டும் அந்த வருசம் பூத்த பூ. இப்போது உள்ளே என்ன சொல்வாள்? அம்மா கொட்டிவிட்டாள் என்றா? பர்ஹானாவின் குரல் வந்தது. ஃப்ரிட்ஜ் என்றாள். ஹோம் என்றாள். மை மிஸ்டேக் என்றாள், அது மைமூனுக்கும் புரிந்தது. பிறகு பக்ரீத் என்றாள். உள்ளே யாரோ சிரித்தார்கள், அப்புறம் பல பேர். நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா, கதவு சாத்தியிருந்தால் சிரிப்புக்கு முகம் தெரிவதில்லை. சிரிப்புக்கு மேலே வசுந்தரா மேடத்தின் குரல் எழும்பியது, கொஞ்சம் உரத்து, கொஞ்சம் வெடவெடத்து, அதிலும் ஃப்ரிட்ஜ் இருந்தது, டிபார்ட்மென்ட் இருந்தது, ரிப்பேர் இருந்தது. ஆமாம், இங்கே இருந்த பெரிய ஃப்ரிட்ஜ் அந்த வருசம் முழுக்கக் கெட்டுக் கிடந்தது, எழுதிப் போட்டும் யாரும் சரி செய்யவில்லை என்று பர்ஹானா புலம்பியிருக்கிறாள், அதனால்தானே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மேடம் அதைச் சொல்கிறார்கள். எல்லார் முன்னாலும் சொல்கிறார்கள். சிரிப்பு நின்றது. மறுபடி பர்ஹானா பேசத் தொடங்கினாள்.

அப்போதுதான் ஹிபா வீறிட்டது. இதுவரை அழுதது அழுகையே இல்லை என்கிற மாதிரி ஒரு வீறல், முகமெல்லாம் கருஞ்சிவப்பாக, மூச்சை உள்ளே இழுத்து விடாமல் நின்று, அப்புறம் வெடித்து. உள்ளே பர்ஹானாவின் குரல் பாதியில் நின்றது. வார்த்தையின் நடுவில். படியில் வைத்த கால் வழுக்கியது மாதிரி. மைமூனுக்கு அந்த நிசப்தம் உடம்பில் பட்டது. அவளுக்குக் கேட்டுவிட்டது. அவள் நெஞ்சும் இப்போது கட்டிக்கொண்டு வலிக்கும், கறுப்பு அபாயாவுக்குள் நனைந்துகொண்டு நிற்பாள், இன்னும் ஒரு தடவை அழுதால் வந்துவிடுவாள், கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவாள், இத்தனை வருசக் குழாய்ச் சத்தமும், குளத்துப் படிகளும், வெயிலில் கவிழ்த்த பாட்டில்களும் வீண். மைமூனின் கால்கள் அவளைக் கேட்கவில்லை. வராந்தா முனையில் காய்ந்த இலைகளைக் காகிதத்தில் ஒட்டி வைக்கிற இரும்பு அலமாரி இருந்தது, அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காருகிற இடம். சுஹைலை ஒரு கையால் வாரிக்கொண்டு அங்கே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஆம்பளைகள் நடக்கிற இடம், அட்டெண்டர் அந்தப் பக்கம்தான் டீ கொண்டுபோவார், வேறு நாளாக இருந்தால் செத்தாலும் இங்கே துப்பட்டாவை விலக்கியிருக்க மாட்டாள். விலக்கினாள். பிஸ்மி சொன்னாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம் பிள்ளையின் வாயைத் தொடவிடாமல் பிடித்துக்கொண்டாள், கடைசியாக ஒருமுறை மருமகளே என்று மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தாள், அழகாகத்தான் இருந்தது. பிறகு விட்டாள். ரப்பரை நாக்கால் தள்ளிய பிள்ளை தேடவே இல்லை, கவ்வியது. ஒரு மடக்கு. தொண்டையில் இறங்குகிற அந்தச் சின்னச் சத்தம் மைமூனுக்குக் கேட்டது. முடிந்துபோனது. அப்புறம் இன்னொரு மடக்கு, இன்னொன்று, மூச்சுவிட மறந்து குடித்தது, வளையல் போட்ட கை மெல்ல விரிந்து அவள் நெஞ்சில் படிந்தது. அலமாரிக்குள் காய்ந்த இலை வாசம். உள்ளே, தூரத்தில், பர்ஹானாவின் குரல் விட்ட இடத்திலிருந்து மறுபடி இறங்கத் தொடங்கியது, ஒவ்வொரு வார்த்தையாக, வழுக்காமல். அழுகை நின்றதை அவள் என்னவென்று நினைத்திருப்பாள். பாட்டிலைக் குடிக்கிறாள் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். மைமூனுக்கு அழுகை வந்தது, பயம்தான், சந்தோசம் என்றும் சொல்லலாம், மாமியின் முகம் வந்து நின்றது, அதன் பின்னால் ரோஸ்மில்க் டம்ளரோடு கணக்கு டீச்சர் வந்து நின்றார்கள், ரொம்ப நாளைக்கப்புறம். சுஹைல் அவள் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, தன் பால் போகிற இடத்தைப் பார்த்தான். பாரு, உன் தங்கச்சி. சொல்லிப் பார்த்தாள். வாசல் தாண்டி வெளியே வந்தது வார்த்தை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கைதட்டல் கேட்டது. ஓடுகிற கால் சத்தம் கேட்டது. வராந்தாவில் வெறும் பெஞ்சையும் டப்பாக்களையும் ஈரத் துண்டையும் பார்த்து, "மதினி! மதினி!" என்று பதறிக்கொண்டு பர்ஹானா அலமாரிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அபாயாவின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. பார்த்தவள் அப்படியே நின்றாள். மைமூன் துப்பட்டாவை இழுத்து மூடவில்லை, மூடினால் மறைத்ததாக ஆகிவிடும். பிள்ளை தூங்கியிருந்தது, உதட்டோரத்தில் வெள்ளையாக ஒரு கோடு.

"பாட்டில் கொட்டிப்போச்சு" என்றாள் மைமூன்.

"குடிச்சிட்டாளா?"

"குடிச்சிட்டா. வயிறு நிறைய. நான் வேணும்னுதான் குடுத்தேன் மதினி. பாட்டில் கொட்டுனதுனால மட்டும் இல்லை."

இவ்வளவு நீளமாக அவள் பேசி பர்ஹானா கேட்டதில்லை. பர்ஹானா மெதுவாகச் சுவரோடு சரிந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் தணிகிறதா, ஏறுகிறதா என்று மைமூன் காத்திருந்தாள், பேசினால்தானே தெரியும். பர்ஹானா பிள்ளையின் கையை எடுத்து, வளையலை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். "அம்மா உன்னை வீட்டுல சேக்கமாட்டா" என்றாள். பிறகு அவள் தோள் குலுங்கியது, அழுகிறாளா என்று பார்த்தால் சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே அழுகிறாள், குழாய்ச் சத்தம் இல்லாமல், திறந்த வெளியில். "ரெண்டு பேரையும்" என்றாள். "ரெண்டு பேரையும் சேக்கமாட்டா." அதற்குள் சுஹைல் தவழ்ந்து அவள் மடியில் ஏறி, நனைந்த துணியில் மூக்கை வைத்து முட்டத் தொடங்கியிருந்தான். வெட்கங்கெட்டவன். "பாத்தியா, இவன் விடமாட்டான்" என்று பர்ஹானா மைமூனைப் பார்த்தாள். கேட்கிற பார்வை. மைமூனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ம், என்று தலையசைத்தாள். பர்ஹானா துப்பட்டாவை இழுத்து அவனை உள்ளே போட்டுக்கொண்டாள், வலி இறங்க இறங்க அவள் கண் மூடியது.

வராந்தாவில் செருப்புச் சத்தம். வசுந்தரா மேடம், பின்னால் வெளியூர்ப் பேராசிரியர், இன்னும் நாலைந்து பேர். "டாக்டர் பர்ஹானா எங்கே? போட்டோ எடுக்கணும், சார் கிளம்புறதுக்குள்ள." அலமாரிப் பக்கம் திரும்பிய மேடம் சட்டென்று நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டார்கள்.

பர்ஹானா கண்ணைத் திறந்தாள். எழுந்திருக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க மேடம்" என்றாள். "எம் மகன் குடிச்சிக்கிட்டிருக்கான்."